19 ஆண்டு பழைய பேஸ்மேக்கர் லீடுகளை அகற்றியபின்: ஒரு பெண் நோயாளியின் மூன்றாண்டு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

பேஸ்மேக்கர், ஐ.சி.டி. (ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் கருவி) ஆகியவற்றின் லீடுகளை, அதாவது கருவியை இதயத்தோடு இணைக்கும் கம்பிகளை, சிரை வழியாக வெளியே எடுக்கும்போது பெண்களுக்குச் சிக்கல் அதிகம் என்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த ஒன்று. 2012 முதல் 2014 வரை 19 ஐரோப்பிய நாடுகளின் 73 மையங்கள் சேர்ந்து நடத்திய எலெக்ட்ரா என்ற லீட் அகற்றல் பதிவேட்டில் 3,500-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இருந்தார்கள். சிகிச்சையால் மருத்துவமனையிலேயே ஏற்பட்ட பெரிய சிக்கல், இறப்பையும் சேர்த்து, 1.7 சதவீதம். அந்தச் சிக்கலுக்கான வாய்ப்பு பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. லீட் 10 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே இருந்தவர்களுக்கு மூன்று மடங்கையும் தாண்டியது.

வீடு திரும்பிய பிறகு வரும் ஆண்டுகளின் கணக்கு வேறு. அங்கே உயிரைத் தீர்மானிப்பவை ரத்தத்தில் பரவிய தொற்று, சிறுநீரகச் செயலிழப்பு, பலவீனமான இதயத் தசை, வயது ஆகியவை. இந்த இரண்டு கணக்குகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "அம்மாவுக்கு ரிஸ்க் அதிகம், மருந்திலேயே பார்ப்போம்" என்ற முடிவு பெண் நோயாளிகளுக்குச் சுலபமாக எடுக்கப்படுகிறது. கீழே உள்ள நோயாளிக்கும் அப்படித்தான் 7 மாதங்கள் வீணாயின. தமிழ்நாட்டில் ஒரு பெரிய இதய சிகிச்சைப் பிரிவில் நடந்த சிகிச்சை இது. நோயாளியை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

47 வயதுப் பெண். உயரம் 152 செ.மீ., எடை 44 கிலோ, பி.எம்.ஐ. 19. பிறவியிலேயே முழு ஹார்ட் பிளாக் (மேல் அறையின் மின்துடிப்பு கீழ் அறைக்குப் போகாத நிலை). 28 வயதில் மயக்கம் வரத் தொடங்கியதும் இடது மார்பில் இரட்டை அறை பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. ஏட்ரியத்தில் (மேல் அறை) ஒன்று, வலது வென்ட்ரிக்கிளில் (கீழ் அறை) ஒன்று என இரண்டு லீடுகள். இரண்டுமே நுனியில் சிறு முட்கள் உள்ள பழைய வகை. சுழற்றிக் கழற்றும் திருகு அவற்றில் கிடையாது. இரண்டு முறை ஜெனரேட்டர் (பேட்டரி உள்ள பெட்டி) மாற்றப்பட்டது. கடைசி மாற்றம் இங்கே வருவதற்கு 10 மாதங்களுக்கு முன்பு.

அந்த மாற்றம் முடிந்து மூன்றாம் மாதத்தில் தழும்பின் வெளிமுனை சிவந்து, கசியத் தொடங்கியது. முதலில் பார்த்த இடத்தில் 2 வாரம் மாத்திரை கொடுத்தார்கள். நிற்காததால் பாக்கெட்டை (ஜெனரேட்டர் இருக்கும் தோலடிப் பை) திறந்து கழுவி, அதே ஜெனரேட்டரை அதே இடத்தில் வைத்துத் தைத்தார்கள். ஒன்றரை மாதத்தில் மறுபடி கசிந்தது. மறுபடி கழுவித் தைத்தார்கள். இரண்டு முறையும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) எடுக்கப்படவில்லை. லீடுகளை எடுக்கும் பேச்சு ஒருமுறை வந்தது. உடல் எடை குறைவு, லீடுகள் மிகப் பழையவை என்று சொல்லித் தள்ளிப்போடப்பட்டது.

வந்தபோது கண்டவை

காய்ச்சல் இல்லை. காலர் எலும்புக்கு 3 செ.மீ. கீழே, தோலில் 5 மி.மீ. அளவுக்குத் துளை விழுந்து ஜெனரேட்டரின் உலோக மூலை வெளியே தெரிந்தது. ரவிக்கையின் தோள் விளிம்பும் உள்ளாடைப் பட்டியும் அந்த மூலையின் மேல்தான் அழுந்துகின்றன என்பது அவரை உடையோடு உட்காரவைத்துப் பார்த்தபோது புலப்பட்டது. மெலிந்த பெண்ணின் மார்பில் தோலுக்கும் தசைக்கும் இடையே கொழுப்பு மிகக் குறைவு. மார்பகத்தின் எடை கருவியைக் கீழே இழுக்க, மேல்மூலை தோலைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இடைவிடாத இந்த உரசல் துளைக்கு வழிவிட்டது. துளை வழியாகக் கிருமி உள்ளே போனதா, முன்பே உள்ளே இருந்த கிருமி தோலை அரித்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எப்படியானாலும் உலோகம் வெளியே தெரிந்துவிட்டால் முழு அமைப்பும் தொற்றியதாகவே கொள்ள வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் மூன்று முறை ரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட்டது; எதிலும் கிருமி வளரவில்லை. சி.ஆர்.பி. (அழற்சி அளவு) 38, ஹீமோகுளோபின் 9.8, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டின் அளவு) 0.8. உணவுக்குழாய் வழி எக்கோவில் லீடுகளில் வெஜிடேஷன் (கிருமித் திரள்) இல்லை. இடது வென்ட்ரிக்கிளின் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் விகிதம்) 58 சதவீதம், ட்ரைகஸ்பிட் வால்வில் (வலது மேல், கீழ் அறைகளுக்கு இடையே உள்ளது) லேசான கசிவு. பேஸிங் வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது அவரது சொந்தத் துடிப்பு நிமிடத்துக்கு 32 மட்டுமே.

காண்ட்ராஸ்ட் சி.டி. மூன்று விஷயங்களைக் காட்டியது. இடது இன்னாமினேட் சிரை (இடது கை, கழுத்து ரத்தத்தை மேற்பெருஞ்சிரைக்குக் கொண்டுவருவது) முற்றிலும் அடைத்திருந்தது. முதல் விலா எலும்பின் கீழே லீடுகளைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்திருந்தது. மேற்பெருஞ்சிரையில் (மேலுடல் ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவருவது) வென்ட்ரிக்கிள் லீட் வெளிப்பக்கச் சுவரோடு சுமார் 3 செ.மீ. நீளத்துக்கு ஒட்டிக் கிடந்தது. கவலைக்குரியது மூன்றாவதுதான். சிரையின் அந்தப் பக்கச் சுவர் மெல்லியது. அதன் மேல்பகுதியைப் பெரிகார்டியம் (இதய உறை) மூடவில்லை என்பதால், அங்கே கிழிந்தால் ரத்தம் நேராக வலது நுரையீரல் உறைக்குள் கொட்டும்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, ஜெனரேட்டர், லீடுகள் எல்லாவற்றையும் எடுப்பது. பாக்கெட் தொற்றுக்கு முழு அமைப்பையும் அகற்ற வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகளில் மிக உறுதியான பரிந்துரை. லீடின் மேலுறையில் கிருமிகள் படலம் கட்டி உட்கார்ந்துவிடும். ஆன்டிபயாட்டிக் அதற்குள் போதுமான அளவு இறங்காது. அமெரிக்க மெடிக்கேர் பதிவுகளில் கருவித் தொற்று உறுதியானவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே 30 நாளுக்குள் லீட் அகற்றப்பட்டது. தொற்று தெரிந்து 6 நாளுக்குள் அகற்றப்பட்டவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது.

கணவர் கேட்டார்: "பேட்டரிய மட்டும் மாத்திட்டு கம்பியை அப்படியே விட்டுட முடியாதா சார்? பத்தொன்பது வருஷமா அது ஒண்ணும் பண்ணலையே." சொன்ன பதில்: "அந்தக் கிருமி கம்பி மேலயும் இருக்குதுங்க. பேட்டரிய மட்டும் எடுத்தா இன்னும் மூணு மாசத்துல இதே மாதிரி வருவீங்க. அப்ப ரத்தத்துலயும் கலந்திருக்கலாம்." பெண், குறைந்த எடை, 19 ஆண்டு லீட் ஆகிய மூன்றும் சேர்ந்திருப்பதால் சராசரிச் சதவீதம் இவருக்குப் பொருந்தாது, அதைவிட அதிகம் என்பதும் இருவருக்கும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. நோயாளி தானே கையெழுத்திட்டார்.

இரண்டாவது முடிவு தயாரிப்பைப் பற்றியது. உடல் சிறியதாக இருப்பது ஏன் ஆபத்து என்பதை ரத்த அளவு சொல்லிவிடும். ஒரு கிலோவுக்கு 65 மி.லி. என்று வைத்தால் இவர் உடலில் மொத்த ரத்தம் 2.9 லிட்டருக்கும் குறைவு. 80 கிலோ ஆணுக்கு, கிலோவுக்கு 70 மி.லி. என்று வைத்தால், 5.6 லிட்டர் இருக்கும். ஒரு லிட்டர் கசிந்தால் அந்த ஆண் ஐந்தில் ஒரு பங்கைக்கூட இழப்பதில்லை. இவர் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார். 2010-இல் வெளியான லெக்சிகான் என்ற லீட் அகற்றல் ஆய்விலும் பி.எம்.ஐ. 25-க்குக் கீழே உள்ளவர்களிடம் பெரிய சிக்கல்கள் அதிகமாக இருந்தன.

ஆகவே 6 யூனிட் ரத்தம் பொருத்திப் பார்த்து ஒதுக்கப்பட்டு, அதில் 2 யூனிட் ஓ.டி.க்குள்ளேயே வைக்கப்பட்டது. கேத் லேப் (குழாய் வழிச் சிகிச்சை அறை) வேண்டாம், ஹைபிரிட் ஓ.டி. (எக்ஸ்ரே வசதியும் திறந்த அறுவை வசதியும் சேர்ந்த அறை) என்று முடிவானது. இதய அறுவை சிகிச்சை நிபுணர் கை கழுவித் தயாராக அறைக்குள்ளேயே இருந்தார். 'கூப்பிட்டால் வருவார்' என்ற ஏற்பாடு இத்தகைய நோயாளிக்கு ஏற்பாடே இல்லை. மார்பெலும்பை அறுக்கும் ரம்பம் திறந்து வைக்கப்பட்டது. கழுத்திலிருந்து இரண்டு தொடை வரை மருந்து தடவித் துணி போடப்பட்டது. வலது தொடைச் சிரையிலிருந்து மேற்பெருஞ்சிரையைக் கடந்து கழுத்துச் சிரை வரை ஒரு கெட்டியான கைடு வயர் முன்கூட்டியே ஏற்றப்பட்டது. சிரை கிழிந்தால் அந்த வயரின் மேல் 80 மி.மீ. நீளப் பலூனை ஏற்றி ஊதி, மார்பைத் திறக்கும் வரை ரத்தத்தை அடைத்து நிறுத்துவதற்காக அது. வயர் முன்பே உள்ளே இருந்தால்தான் பலூனால் பலன்; கிழிந்தபிறகு வயர் ஏற்றத் தொடங்கினால் நேரம் போதாது.

மூன்றாவது, தற்காலிக பேஸிங். சொந்தத் துடிப்பு 32 என்பதால் லீடுகள் துண்டிக்கப்படும் நொடியில் மாற்று வழி ஓட வேண்டும். கழுத்து வழியாகப் போட்டால் அந்தக் கம்பி, ஷீத் (லீடின் மேல் ஏற்றி, ஒட்டிய திசுவிலிருந்து அதை விடுவிக்கும் குழாய்) வேலை செய்யும் அதே மேற்பெருஞ்சிரையில் குறுக்கே நிற்கும். ஆகவே இடது தொடைச் சிரை வழியாகப் போடப்பட்டது. திசுவை அறுக்கும் காட்டரியின் மின்சாரம் பேஸ்மேக்கரை ஏமாற்றி நிறுத்திவிடாமல் இருக்க, கருவி முதலிலேயே டி.ஓ.ஓ. நிலைக்கு (வெளிச் சைகையைக் கவனிக்காமல் தொடர்ந்து துடிப்பு தரும் நிலை) மாற்றப்பட்டது.

அகற்றிய நாள்

முழு மயக்கம், தமனியில் நேரடி ரத்த அழுத்தக் கண்காணிப்பு, உணவுக்குழாயில் எக்கோ கருவி தொடக்கம் முதல் முடிவு வரை. பழைய தழும்போடு பாக்கெட் திறக்கப்பட்டது. தையல் உறைகள் நீக்கி, லீடுகள் சிரைக்குள் நுழையும் இடம் வரை விடுவித்து, இணைப்பு முனைகள் வெட்டப்பட்டன. உள்சுருளின் விட்டத்தை அளந்து, ஒவ்வொரு லீடுக்குள்ளும் லாக்கிங் ஸ்டைலெட் (உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும் கம்பி) செலுத்திப் பூட்டப்பட்டது. வென்ட்ரிக்கிள் லீடில் அது நுனி வரை போனது. ஸ்டைலெட் உள்சுருளை மட்டுமே பிடிக்கும். வெளியுறை தனியாக நழுவாமல் இருக்க, உறையின் மேல் சில்க் நூல் கட்டி இரண்டையும் சேர்த்தே இழுக்கப்பட்டது. பழைய சிலிக்கான் லீடுகளில் இந்தக் கட்டு தளர்ந்தால் உறை சுருங்கிக் குவிந்து ஷீத்தின் வாயை அடைத்துவிடும்.

ஏட்ரியம் லீட் 11 ஃபிரெஞ்ச் (குழாயின் விட்ட அளவு) சுழல் ஷீத்தில் அதிகத் தொல்லையின்றி வந்தது. அதை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு லீடுகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன; ஒன்று வெளியேறினால் மற்றதற்கு இடம் கிடைக்கும்.

வென்ட்ரிக்கிள் லீட் மூன்று இடங்களில் நிறுத்தியது. விலா எலும்பின் கீழே சுண்ணாம்பில் 11 ஃபிரெஞ்ச் நகரவில்லை; 13-க்கு மாற்றியபின் வழி கிடைத்தது. மேற்பெருஞ்சிரையில் விதி ஒன்றுதான்: லீடை நேராக இழுத்துப் பிடித்து அதைத் தண்டவாளமாக வைத்து, அதன் மேல் ஷீத் தானாக முன்னேற வேண்டும்; ஷீத்தைத் தள்ளக் கூடாது. தள்ளினால் அதன் வாய் லீடை விட்டு விலகிச் சுவரில் பாயும். 3 செ.மீ. தூரத்தைக் கடக்க 22 நிமிடம் ஆனது. முன்னேற்றம் நின்றபோதெல்லாம் ஷீத் சற்றுப் பின்வாங்கப்பட்டு, இழுவைக் கோணம் சரிசெய்யப்பட்டது.

மூன்றாவது இடம் வென்ட்ரிக்கிளின் நுனி. இழுவை கூடியபோது மேல் ரத்த அழுத்தம் 112-லிருந்து 64-க்கு இறங்கியது. இந்த நொடியில் இரண்டு விளக்கங்கள் உண்டு: இதயச் சுவர் உள்பக்கமாக இழுபட்டு அறை மடங்கியிருக்கலாம், அல்லது எங்கோ கிழிந்திருக்கலாம். பிரித்தறியும் வழி எளிது. இழுவையை விட்டுவிட்டு எக்கோவைப் பார்க்க வேண்டும். விட்ட 20 நொடிக்குள் அழுத்தம் 105-க்குத் திரும்பியது, இதயத்தைச் சுற்றித் திரவம் இல்லை. இழுவைதான் காரணம். (அழுத்தம் திரும்பாமல், இதயத்தைச் சுற்றியும் திரவம் இல்லாமல், வலது வென்ட்ரிக்கிள் காலியாகத் தெரிந்தால் மேற்பெருஞ்சிரை கிழிந்து ரத்தம் மார்புக்குள் போகிறது என்று பொருள்; உடனே பலூன், அடுத்து மார்பு திறப்பு.) ஷீத்தை லீட் நுனிக்கு 1 செ.மீ. அருகே கொண்டுபோய், அதைச் சுவருக்கு எதிராக நிறுத்திப் பிடித்து, லீடை மட்டும் சீராக இழுத்ததும் கழன்றது.

நுனியோடு வெண்மையான நார்த்திசு 2 செ.மீ. நீளத்துக்கு ஒட்டி வந்தது. எக்கோவில் 5 மி.மீ. திரவம் தெரிந்தது; அரை மணி நேரம் பார்த்தும் கூடவில்லை. ஆனால் ட்ரைகஸ்பிட் கசிவு லேசிலிருந்து மிதமானதற்கு மேலே போயிருந்தது. முன் இதழின் ஒரு நாண் (இதழைப் பிடித்திருக்கும் இழை) அறுந்து, இதழ் நுனி ஏட்ரியத்துக்குள் புரண்டு ஆடியது. 2009-இல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வு, லீட் அகற்றலின்போது இந்த வால்வு காயப்படுவதற்குப் பெண் பாலினத்தைத் தனி அபாயக் காரணியாகவே காட்டியிருந்தது. சிறிய வலது வென்ட்ரிக்கிளில் நாண்களும் லீடும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆண்டுகள் போகப்போக நார்த்திசு இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஷீத்தின் விட்டமோ எல்லா உடலுக்கும் ஒன்றே.

அதே அமர்வில் அறுவை செய்து வால்வைச் சரிசெய்யலாமா என்று பேசப்பட்டது. தொற்று உள்ள நாளில் வால்வு வளையம் வைப்பது மீண்டும் தொற்றுக்கு இடம் தரும். ரத்த ஓட்டம் நிலையாக இருந்தது. வேண்டாம் என்று முடிவானது.

தொடர்ந்த நாட்கள்

பாக்கெட்டின் பழைய உறை முழுவதும் அறுத்து நீக்கப்பட்டது. கசிவை ஸ்வாபில் தொட்டு அனுப்புவதைவிட அறுத்தெடுத்த திசுவையும் லீட் நுனியையும் கல்ச்சருக்கு அனுப்புவதே மேல்; இரண்டிலும் மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படாத ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது. வான்கோமைசின், எடைக்கும் ரத்தத்தில் உள்ள மருந்தளவுக்கும் ஏற்ப, 14 நாள்.

வலது கழுத்துச் சிரை வழியாகத் திருகு முனை கொண்ட லீட் ஒன்று போட்டு, வெளியே தோலின் மேல் ஒட்டிய ஜெனரேட்டரோடு இணைக்கப்பட்டது. இந்த ஏற்பாடு இருந்தால் நோயாளி எழுந்து நடக்கலாம். தொடைக் கம்பியோடு படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை. நிரந்தரக் கருவியை அவசரமாக வைக்கும் நெருக்கடியும் இல்லை.

லீட் இல்லாத பேஸ்மேக்கர் பரிசீலிக்கப்பட்டது. பாக்கெட்டும் இல்லை, வால்வைக் கடக்கும் கம்பியும் இல்லை என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் பெண், பி.எம்.ஐ. 20-க்குக் கீழ் ஆகிய இரண்டுமே அந்தக் கருவி இதயச் சுவரைத் துளைப்பதற்கான அபாயக் காரணிகள். சில நாள் முன்புதான் அந்தச் சுவரிலிருந்து ஒரு லீட் பிய்த்தெடுக்கப்பட்டது. செலவும் குடும்பத்தின் கைக்கு எட்டவில்லை. ரத்தக் கல்ச்சர்கள் சுத்தமாக வந்தபின், அகற்றி 9-ஆம் நாள், வலது பக்கம் புதிய இரட்டை அறை அமைப்பு வைக்கப்பட்டது. வென்ட்ரிக்கிள் லீட் இடது பண்டில் (இதயத்தின் இயல்பான மின்பாதை) பகுதியில் பொருத்தப்பட்டது. ஜெனரேட்டர் தசைக்கு அடியில், ஆன்டிபயாட்டிக் உறைக்குள். 2019-இல் வந்த, ஏறத்தாழ 7,000 பேர் கொண்ட ராப்-இட் ஆய்வில் அந்த உறை பெரிய தொற்றை 1.2-லிருந்து 0.7 சதவீதமாகக் குறைத்திருந்தது.

மூன்றாண்டு நிலவரம்

தொற்று திரும்பவில்லை. பேஸிங் அளவுகள் நிலையாக உள்ளன. இ.எஃப். 57 சதவீதம்.

வால்வுதான் தொடர்ந்தது. 6-ஆம் மாதம் கால் வீக்கம், டார்செமைடு (நீரை வெளியேற்றும் மாத்திரை) 10 மி.கி. 12-ஆம் மாதம் வலது வென்ட்ரிக்கிள் சற்று விரிந்திருந்தது. 20-ஆம் மாதம் கசிவு கடுமையானது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, ஈரல் பெரிதானது. 22-ஆம் மாதம் செயற்கை நாண் வைத்து, 28 மி.மீ. வளையம் பொருத்தி வால்வு சரிசெய்யப்பட்டது. 36-ஆம் மாதம் லேசான கசிவு மட்டுமே. வீட்டு வேலைகளைச் சிரமமின்றிச் செய்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு லீட் அகற்றிய அதே மாதத்தில் அதே குழு 63 வயது ஆண் ஒருவருக்கும் லீட் அகற்றியது. எடை 81 கிலோ, ஐ.சி.டி. லீட் 8 ஆண்டு பழையது. சர்க்கரை நோய், கிரியாட்டினின் 2.3, இ.எஃப். 25 சதவீதம், ரத்தத்தில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மேசையில் எந்தத் தொல்லையும் இல்லை. லீட் 14 நிமிடத்தில் வந்தது. 7-ஆம் மாதம் இதயச் செயலிழப்பும் சிறுநீரகச் செயலிழப்பும் சேர்ந்து இறந்தார். இருவரை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் பெரிய தொகுப்புகளில் தெரியும் போக்கு இந்த இரண்டு படுக்கைகளிலும் தெரிந்தது: ஐ.சி.டி.யோடு வரும் ஆண்கள் பலர் ஏற்கெனவே கெட்டுப்போன இதயத்தோடு வருகிறார்கள். இளவயதில் பேஸ்மேக்கர் வைத்த பெண்களுக்கு இதயத் தசை நல்ல நிலையில் இருக்க, சிரைகளும் வால்வும் லீடோடு ஒட்டியிருக்கின்றன. மேசையில் ஆபத்து அதிகமுள்ள அதே பெண்ணுக்குத்தான், அந்த நாளைக் கடந்தால், வாழக் கிடைக்கும் ஆண்டுகளும் அதிகம்.

இனி மாற வேண்டியவை

பாக்கெட் கசிந்தால் ஊசி போட்டு உறிஞ்சுவது, கழுவித் தைப்பது இரண்டும் கூடாது. ஆன்டிபயாட்டிக்குக்கு முன் ரத்தக் கல்ச்சர், அதே வாரத்தில் லீட் அகற்றும் மையத்துக்கு அனுப்புதல். இந்த நோயாளியின் 7 மாதத் தாமதத்தில் தொற்று ரத்தத்தில் கலக்காமல் இருந்தது நல்வாய்ப்பு. அதை நம்பித் திட்டம் போட முடியாது.

மெலிந்த பெண்ணுக்கு ஜெனரேட்டர் வைக்கும் இடத்தை, மயக்கம் கொடுப்பதற்கு முன்பே அவர் வழக்கமாக அணியும் உடையோடு உட்காரவைத்து மையால் குறிக்க வேண்டும். பட்டி, ரவிக்கை விளிம்பு, கைப்பைத் தோல்வார் மூன்றும் எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தசைக்கு அடியில் வைக்க வேண்டும். இளவயதினருக்கு முள் வகை லீடைவிட, விட்டம் சீரான திருகு வகையே ஏற்றது. 20 ஆண்டு கழித்து அதை எடுக்கப் போகிறவர் இருக்கிறார் என்று எண்ணித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வென்ட்ரிக்கிள் லீட் வால்வைக் கடக்கும் இடத்தில் ஷீத் நிற்கும்போது முப்பரிமாண எக்கோவில் இதழ் சேர்ந்து இழுபடுகிறதா என்று பார்த்தபிறகே மேலே செல்வது இப்போது குழுவின் வழக்கமாகியிருக்கிறது. இழுபட்டால் சுழற்சியை நிறுத்தி, சுழலாத சாதாரண ஷீத்துக்கு மாறுகிறார்கள். வால்வு காயப்பட்டவர்களுக்கு 3, 6, 12-ஆம் மாதங்களில் எக்கோ. வலது வென்ட்ரிக்கிள் விரியத் தொடங்கியதுமே அறுவை நிபுணரிடம் காட்டுதல். இவருக்கு 12-ஆம் மாதமே அந்த அறிகுறி இருந்தது. 10 மாதம் முன்னதாகச் சரிசெய்திருந்தால் ஈரல் வீக்கம் வரை போயிருக்காது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "லீட் வெற்றிகரமாக அகற்றப்பட்டது" என்ற ஒரு வரி போதாது. லீடின் மாடல், உள்ளே இருந்த ஆண்டுகள், ஒட்டியிருந்த இடங்கள், அகற்றும் முன்பும் பின்பும் ட்ரைகஸ்பிட் கசிவின் அளவு, எந்தச் சிரை அடைத்திருக்கிறது, புதிய லீட் எந்தப் பக்கம், அடுத்த எக்கோ எந்தத் தேதி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். சிறு ஊரில் மூச்சு வாங்கும் புகாரோடு வரும் பெண்ணைப் பார்க்கும் பொது மருத்துவர், வால்வைப் பற்றி அந்தத் தாளிலிருந்துதான் அறிந்துகொள்வார்.